டிக்கியைத் திறந்து காட்டுகிறவர்

சீர்த்தட்டுகளை எந்த வரிசையில் அடுக்குவது என்று காலை எட்டு மணிக்கே என் வீட்டுக்காரருக்கும் எனக்கும் வாக்குவாதம் வந்துவிட்டது. எங்கள் ஆல்ட்டோவின் டிக்கிக் கதவு தானாக நிற்காது. தூக்கிப் பிடிக்கிற கம்பி போய் இரண்டு வருடம் ஆகிறது. அதற்காகவே ஒரு மூங்கில் குச்சியைச் சீவி, நுனியில் சைக்கிள் ட்யூப் சுற்றி வைத்திருக்கிறார். அந்தக் குச்சியை முட்டுக் கொடுத்துவிட்டு, தலையை உள்ளே விட்டுக்கொண்டு பேசினார்.

"பழத்தட்ட மேல வச்சா கண்ணாடி மறைக்கும் பூவாயி. பின்னால வர்ற வண்டி தெரிய வேணாமா?"

"தெரிஞ்சு என்ன பண்ணப் போறீங்க? எல்லாரும் உங்கள முந்திக்கிட்டுதான் போறான்."

மாப்பிள்ளை கார்த்திகேசன் சிரித்துக்கொண்டே வந்து தட்டை வாங்கிக்கொண்டார். "தள்ளுங்க மாமா, நான் அடுக்குறேன். அத்தை, அந்த முறுக்கு டின்ன மட்டும் தொடாதீங்க. கனமா இருக்கு."

முதல் நாள் சாயங்காலம் வந்தவர். வந்ததும் அந்த எவர்சில்வர் டின்னைத் தூக்கிக்கொண்டு போய் வண்டியில் வைத்துவிட்டு, பெட்ரோல் போட்டு வருகிறேன் என்று வண்டியையும் எடுத்துப் போய் வந்தார். எனக்கு மனது நிறைந்துபோயிற்று. மாமியார் தூக்கக்கூடாது என்று நினைக்கிற மாப்பிள்ளை எத்தனை பேருக்கு வாய்க்கிறது?

வைகாசியில் கல்யாணம். தலை ஆடிக்கு மகள் அறிவுமதியைக் காரைக்காலில் எங்கள் தருமபுரம் வீட்டுக்கு அழைத்து வந்தோம். ஆவணி பிறந்து முதல் வெள்ளிக்கிழமை, சீரோடு கொண்டுபோய் விடுகிறோம். மாப்பிள்ளை ஊர் எல்லையைத் தாண்டி, தமிழ்நாட்டுப் பக்கம், மயிலாடுதுறைக்குப் போகிற வழியில். பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் வாசற்படி ஏறிவிட வேண்டும்.

எல்லையைத் தாண்ட வேண்டும் என்று எழுதிவிட்டேன். காரைக்கால்காரர்களுக்கு இதைச் சொல்லவே தேவையில்லை. எந்தப் பக்கம் அரை மணி நேரம் வண்டி ஓட்டினாலும் வேறு மாநிலம். வண்டி எண் புதுச்சேரியின் பி.ஒய். என்று ஆரம்பித்தால், அந்தப் பக்கத்தில் ஓட்டுகிறவனைப் பற்றி எல்லாருக்கும் எல்லாமே தெரியும். டிக்கியில் மலிவு விலைச் சரக்கு இருக்கும், ஓட்டுகிறவன் கொஞ்சம் போட்டிருப்பான். மெதுவாகப் போனால், "தெளிவா இருக்கானான்னு பாரு" என்பார்கள். வேகமாகப் போனாலும் அதையேதான் சொல்வார்கள். கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது மண்டபத்து வாசலில் வண்டியை ஒதுக்கிவிடுகிற ஆள் எங்கள் நம்பரைப் பார்த்துவிட்டு, "பெரியவரே, எங்களுக்கு ஒண்ணும் கொண்டாரலியா?" என்று கேட்டான். தோளில் ஒரு குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் கேட்டான். கெட்டவன் இல்லை. எல்லாரும் கேட்பதை அவனும் கேட்டான்.

எங்களுக்கு இந்த வண்டியை விற்றது எதிர்வீட்டு நூருல் அமீன். குவைத்துக்குத் திரும்பிப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனார். சாவியைக் கையில் தரும்போதே எச்சரித்தார்.

"அண்ணே, போன தடவ மக்காவுல உம்ரா முடிச்சுட்டு ஏர்போர்ட்லேர்ந்து வர்றேன், தலை மழிச்சிருக்கேன். செக்போஸ்ட்டுல ஜம்ஜம் தண்ணிக் கேனத் திறந்து மோந்து பாத்தாங்க. நானே ஊத்திக் கொடுத்தேன், குடிச்சுப் பாருங்கன்னு. வண்டி சுத்தமான வண்டி. நம்பர்தான் நம்ம கையில இல்ல."

அதற்கு இவர், "திறக்கச் சொல்றதுக்கு முன்னாடி நாமளே திறந்து காட்டிட்டா என்ன?" என்றார்.

அன்றைக்குப் பிடித்தது. பதினொரு வருடமாக அதுதான் வழக்கம். சாவடி வந்தால் வண்டியை ஓரம் கட்டுவார். கை காட்டினாலும் காட்டாவிட்டாலும் இறங்குவார். குச்சியை எடுத்து முட்டுக் கொடுப்பார். "பாத்துக்குங்க" என்பார். ஸ்டெப்னி, ஒரு குடை, தண்ணீர் பாட்டில், பழைய துண்டு. நாளாக ஆகப் போலீஸ்காரர்களுக்கே சிரிப்பு வந்துவிட்டது. தூரத்தில் வண்டியைப் பார்த்ததுமே, போங்க சார் போங்க சார் என்று கையை வீசுவார்கள். இவர் நிறுத்தாமல் போகமாட்டார். மின்துறையில் முப்பத்தொரு வருடம் மீட்டர் பார்த்தவர். வீடு வீடாக உள்ளே போய் வந்தவர், ஒரு வீட்டிலும் ஒரு டம்ளர் மோருக்கு மேல் வாங்கியதில்லை என்பதை அவர் வாயால் சொன்னதில்லை, மற்றவர்கள் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பார். குடிப்பதும் இல்லை. அதற்குப் பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. பிடிக்காது, அவ்வளவுதான்.

சம்பந்தி காத்தமுத்துவுக்கு இது தீராத விளையாட்டாகிவிட்டது. நிச்சயதார்த்தத்துக்கு நாங்கள் போய் இறங்கியதுமே வாசலில் நின்று சத்தம் போட்டார்.

"சம்பந்தி வண்டி வந்துட்டு. முதல்ல டிக்கியத் திறங்கப்பா, மத்ததெல்லாம் அப்புறம் எறக்கலாம்."

கூட்டம் முழுக்கச் சிரித்தது. இவர் நிஜமாகவே போய்க் குச்சியைக் கொடுத்துத் திறந்து காட்டினார். உள்ளே குடை இருந்தது.

"காரைக்கால் வண்டியில குடையா? இத வெளிய சொல்லாதீங்க சம்பந்தி. ஊருக்கே கெட்ட பேரு."

இவரும் சிரித்தார். வீட்டுக்கு வந்த பிறகு வெகு நேரம் செருப்பைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

வண்டியில் முன்னால் அவரும் மாப்பிள்ளையும். பின்னால் நானும் மதியும், நடுவில் புடவைத் தட்டும். பின் சீட்டில் உட்காருகிறவளுக்கு முகங்கள் கிடையாது. இரண்டு பின்னந்தலைகளும் பேச்சும்தான். பேச்சைக் கேட்டே யார் எப்படி இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும். அன்று மாப்பிள்ளை அதிகம் பேசினார்.

"ஆர்டர் எப்ப வரும் மாப்ள?"

"போலீஸ் விசாரணை மட்டுந்தான் பாக்கி மாமா. நம்ம மேல கேஸ் ஒண்ணும் இல்லன்னு ஸ்டேஷன்லேர்ந்து எழுதி அனுப்பணும். அது போனதும் வேலையில சேர வேண்டியதுதான்."

"எட்டு வருஷம்."

"எட்டு வருஷம் மாமா. அஞ்சு தடவ எழுதுனேன்."

முப்பத்து நான்கு வயது. அந்த அரசாங்க வேலை வரப்போகிறது என்ற பேச்சில்தான் பெண்ணைக் கொடுத்தோம். மதிக்கும் அது தெரியும். அவள் புடவைத் தட்டின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மாமா, நம்ம வண்டிய மட்டும் சோதனையே போட மாட்டாங்களாமே. அப்பா சொன்னாரு."

"போட மாட்டாங்க. பதினொரு வருஷப் பழக்கம்."

"அப்ப இன்னைக்கும் நிறுத்த வேணாம். நேரமாவுது பாருங்க."

"ஒரு நிமிஷம்தான மாப்ள."

வண்டி பாலத்தைத் தாண்டியது. தடுப்புக் கட்டைகளுக்குப் பக்கத்தில் தெரிந்த ஏட்டு நின்றிருந்தார், கூட ஓர் இளவயதுப் பெண் போலீஸ். எங்கள் வண்டியைப் பார்த்ததும் வழக்கம்போலக் கையை வீசினார். மாப்பிள்ளை, "போவச் சொல்றாரு மாமா, போங்க, போங்க" என்றார். கொஞ்சம் அவசரமாகத்தான் சொன்னார். நேரத்துக்குப் பயப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

இவர் ஓரம் கட்டினார்.

பிறகு அதைப் பற்றி நிறைய யோசித்துவிட்டேன். புது மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவர் போய் அப்பாவிடம் சொல்வார், மாமாவை ஏட்டே கும்பிட்டு அனுப்புகிறார் என்று. அடுத்த தடவை வாசலில் அந்தச் சிரிப்பு இருக்காது. இவர் மனதில் இதுதான் இருந்திருக்கும். வேறென்ன?

இவர் இறங்கிப் பின்பக்கம் போனார். ஏட்டின் குரல் கேட்டது. "சார், உங்க வண்டிய நான் பாக்கணுமா? பொண்ணு மாப்பிள்ளையோட போறீங்க. கெளம்புங்க."

"உங்களுக்குத் தெரியும். இந்தப் பொண்ணுக்குத் தெரியாதுல்ல. புதுசா?"

"நேத்துதான் சேந்துச்சு."

"அப்ப பாக்கட்டும். பாத்துக்கம்மா, இதுதான் காரைக்கால் வண்டி."

குச்சி முட்டுக் கொடுக்கிற சத்தம். டிக்கி திறந்ததும் வெளிக்காற்றும் லாரிப் புகையும் எங்கள் கழுத்துக்குப் பின்னால் வந்தன. ஆல்ட்டோவில் பின் சீட்டுக்கும் டிக்கிக்கும் நடுவில் ஒன்றும் கிடையாது. மறைப்பாக இருந்த பலகையை எப்போதோ எடுத்துவிட்டோம். அவர் மூச்சு விடுவதுகூட எங்களுக்குக் கேட்கும்.

"சீரா சார்?" அந்தப் பெண் போலீஸின் குரல் சின்னதாக இருந்தது.

"தலை ஆடிச் சீரும்மா. இரு, முறுக்கு எடுத்துக்க. எங்க வீட்ல சுட்டது."

"வேணாம் சார். டூட்டியில இருக்கேன்."

"டூட்டியில முறுக்குத் திங்கக்கூடாதுன்னு எந்தச் சட்டத்துல இருக்கு?"

ஏட்டு சிரித்தார். டின் மூடியைத் திறக்கிற சத்தம் கேட்டது.

"என்ன பூவாயி, மேல பூரா ஒடஞ்சதா வச்சிருக்க?"

எனக்குச் சுருக்கென்றது. உடைந்ததை அடியிலும் முழுசை மேலேயும் அடுக்கியது என் கை. சீர் முறுக்கை எவளாவது உடைந்ததாக மேலே வைப்பாளா?

"இரும்மா. அடியில முழுசு இருக்கும், எடுத்துத் தர்றேன்."

முன் சீட்டில் மாப்பிள்ளையின் பின்னந்தலை அசையவில்லை. காதோரம் வியர்வை ஒரு கோடாக இறங்கியது. டின்னுக்குள் கை அளைகிற சத்தம், முறுக்கு நொறுங்குகிற சத்தம், அப்புறம் கண்ணாடியில் கண்ணாடி இடிக்கிற சத்தம். சின்னச் சத்தம்தான்.

ஒரு பஸ் எங்களைத் தாண்டிப் போனது.

ஏட்டு பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தார். வைக்கும்போது எண்ணவில்லை, நான்தான் சத்தத்தை எண்ணினேன். ஆறு.

"சார்," என்றார் ஏட்டு. "என்ன சார் இது?"



மதி முன்னால் சாய்ந்து, புருஷன் கழுத்துக்குப் பக்கத்தில் வாயை வைத்துக் கேட்டாள். ரகசியமாகத்தான் கேட்டாள்.

"நீங்களா வச்சீங்க?"

"அப்பாதான் கேட்டாரு. வேலை கெடச்சதுக்கு சொந்தக்காரங்களுக்கு ஒரு விருந்துன்னு. மாமா வண்டிய யாரும் பாக்க மாட்டாங்கன்னு அவருதான்…"

"இறங்கிச் சொல்லுங்க."

"கேஸ் ஆயிடும் மதி. ஆர்டர் வராது."

"இறங்குங்கன்னு சொல்றேன்."

"எட்டு வருஷம் மதி."

அவள் கதவுப் பிடியில் கையை வைத்தாள். அந்தக் கையைப் பிடித்தது நான்தான். இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று நினைத்தேன். விடக்கூடாது. அவள் கையைப் பிடித்து, புடவைத் தட்டின் மேல் வைத்து அழுத்தினேன். கல்யாணமாகி மூன்று மாதம். இந்த வேலையும் போனால் அவள் எங்கே நிற்பாள்? ஒரு நிமிடம் பேசாமல் இரு என்றுதான் அழுத்தினேன். வாயைத் திறக்கவில்லை. ஆனால் அவர்கள் பேசியது அத்தனையும் டிக்கிக்குப் போயிருக்கும். மூன்று அடி தூரம். உள்ளே மூன்று பேருக்கும் தெரியும், மூன்று பேரில் ஒருவரும் இறங்கவில்லை என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

"யாருது சார்?" என்று மறுபடி கேட்டார் ஏட்டு.

"என் வண்டியில இருக்கு. என்னுதுதான்."

"யோசிச்சுச் சொல்லுங்க. எழுதிட்டேன்னா மாத்த முடியாது. வண்டியும் போயிடும்."

"யோசிச்சுதான் சொல்றேன்."

"உங்களுது இல்லன்னு எனக்குத் தெரியும் சார். உள்ள இருக்குறது யாரு, மாப்பிள்ளையா?"

"என்னுதுன்னு சொல்றேன்ல. எழுதுங்க. மருதையன், தகப்பனார் பேரு வைத்திலிங்கம், வயசு அறுவத்தாறு."

மீட்டர் அட்டையில் எண்ணை வாசிக்கிற அதே குரல். சாவடியில் வேகம் குறைத்த ஒரு மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் இருந்தார்கள். பின்னால் இருந்தவன் தரையில் இருந்ததைப் பார்த்துவிட்டு, "பாத்தியா, பெருசுகூட சரக்கு ஓட்டுது. பி.ஒய்.னா சும்மாவா" என்றான். முன்னால் இருந்தவன் சிரித்தான். வண்டி போய்விட்டது. அந்தப் பெண் போலீஸ் கையில் ஒரு பாதி முறுக்கு இருந்தது. அதை என்ன செய்வது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவர் ஜன்னல் பக்கம் வந்தார். என்னைப் பார்த்தார், மதியைப் பார்த்தார். முன் சீட்டைப் பார்க்கவில்லை.

"ஆட்டோ ஒண்ணு வருது. நீங்க மூணு பேரும் ஏறிக்குங்க. பத்தரைக்குள்ள சீர் போயாவணும். பழத்தட்ட சாய்க்காம எடுக்கச் சொல்லு."

"நான் இங்க இருக்கேங்க."

"அவ தனியாவா படி ஏறுவா? போ."

"அப்பா," என்றாள் மதி.

"நேரமாவுதும்மா."

அதற்கு மேல் அவளை அவர் பேச விடவில்லை. தட்டுகளை ஒவ்வொன்றாக அவரே எடுத்துக் கொடுத்தார். டின்னையும் கொடுத்தார். அதில் பாட்டில்கள் இல்லாததால் இப்போது கனமே இல்லை. எல்லாவற்றையும் எடுத்த பிறகு குச்சியை உருவிக்கொண்டு, டிக்கியை அடித்துச் சாத்தினார். ஆட்டோ கிளம்பும்போது திரும்பிப் பார்த்தேன். குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு, வண்டியை விட்டு நான்கடி தள்ளி, அது யாருடைய வண்டியோ என்பதுபோல நின்றார்.

ஆட்டோவில் மாப்பிள்ளை டிரைவருக்குப் பக்கத்தில் ஒண்டிக்கொண்டு, பழத்தட்டை மடியில் வைத்திருந்தார். மேலே இருந்த சாத்துக்குடி ஒன்று உருண்டு விழுந்தது. அவர் குனிந்து எடுக்கவில்லை. மதி டின்னைக் கட்டிப் பிடித்திருந்தாள். அவள் கையைப் பிடிக்கலாமா என்று பார்த்தேன். அவள் கையை டின்னுக்கு அந்தப் பக்கமாக மாற்றிக்கொண்டாள்.

பத்து இருபதுக்கு வீடு வந்தது. வாசலில் கோலம், பந்தல்காலில் மாவிலை. காத்தமுத்துவும் ஆறேழு சொந்தக்காரர்களும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். சம்பந்தியம்மா ஆரத்தித் தட்டோடு படியில் தயாராக நின்றார். எங்களைப் பார்த்ததும் கற்பூரம் ஏற்றினார்.

காத்தமுத்து எழுந்து வந்தார். "என்ன சம்பந்தியம்மா, ஆட்டோவுல வர்றீங்க? காரைக்கால் வண்டி எங்க? டிக்கியத் திறக்க இங்க எத்தனை பேரு காத்துக் கெடக்குறாங்க பாருங்க."

பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. நிச்சயதார்த்தத்தன்று அவர்களுக்கு எதுவும் கிடைக்கப்போவதில்லை என்று தெரியும். இன்று கிடைக்கும் என்று தெரியும்.

மதி இறங்கினாள். கோலத்தைத் தாண்டவில்லை. கோலத்துக்கு இந்தப் பக்கம் நின்று, டின்னை இரண்டு கையாலும் மாமனாருக்கு முன்னால் நீட்டினாள்.

"நீங்க திறங்க மாமா."

"நானா? என்னத்துக்கும்மா?"

"எப்பவும் எங்கப்பாதான திறந்து காட்டுனாரு. இன்னைக்கு நீங்க திறங்க."

அவர் மகனைப் பார்த்தார். மாப்பிள்ளை ஒரு காலைத் தரையில் ஊன்றியிருந்தார், இன்னொரு கால் ஆட்டோவிலேயே இருந்தது. பழத்தட்டு இன்னும் கையில் இருந்தது. தலை குனிந்திருந்தது. காத்தமுத்துவின் முகத்தில் சிரிப்பு உடனே போகவில்லை. போவதற்கு நேரம் எடுத்துக்கொண்டது. அவர் மெதுவாக மூடியைத் தூக்கினார்.

ஆட்டோவில் உட்கார்ந்திருந்த எனக்கும் தெரிந்தது. பாட்டிலுக்கு இடம் விட மாப்பிள்ளை எடுத்துப் போட்டது போக, முறுக்கு அநேகமாக ஒன்றும் மிச்சமில்லை. அடியில் எண்ணெய் உறிஞ்சுவதற்காக நான் விரித்த செய்தித்தாள் இருந்தது. தாள் முழுக்க எண்ணெய் ஊறி, முறுக்குத் தூள் அப்பிக் கிடந்தது. பாட்டில்கள் நின்ற இடங்கள் மட்டும் ஈரமில்லாமல், தூள் இல்லாமல், அச்செழுத்துகூடப் படிக்கிற மாதிரி, ஆறு வட்டங்கள்.

நாற்காலியில் இருந்தவர்களில் ஒருவர் எழுந்து நின்றார். அப்புறம் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

"நிக்கவாம்மா, திரும்பிப் போவவா?" என்று ஆட்டோக்காரர் என்னைக் கேட்டார். எஞ்சினை அவர் இன்னும் நிறுத்தவில்லை. மதி திரும்பி என்னைப் பார்த்தாள். புடவைத் தட்டு என் மடியில் இருந்தது. நான் இன்னும் இறங்கவில்லை.

படியில் சம்பந்தியம்மா, காற்றில் அணைந்துவிடாமல் கற்பூரத்தை ஒரு கையால் வளைத்துத் தடுத்துக்கொண்டு நின்றார். உள்ளங்கை சுட்டிருக்கும். அவர் கையை எடுக்கவில்லை.